லெப்ரானை விற்ற இரவுகள்

லெப்ரான் ஜேம்ஸை நான் இதுவரை பதினோரு முறை விற்றிருக்கிறேன். மூன்று முறை கோல்டன் ஸ்டேட்டுக்கு, இரண்டு முறை நியூயார்க்குக்கு, டல்லாஸுக்கும் மயாமிக்கும் ஒவ்வொரு முறை. மிச்சம் நான்கும் கிளீவ்லண்டுக்கு. எல்லாமே ராத்திரி பதினொன்றுக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஆபீஸ் லேப்டாப்பை மூடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு செய்தது. ஒருமுறை என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் அந்தாள வித்து முடிக்கலையா?" என்று கேட்டாள்.

விற்பது என்பது சரியான சொல் இல்லை. என்பிஏவில் ஆளை விற்க முடியாது, மாற்றத்தான் முடியும். கால்பந்தில் ஒரு கிளப் பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். ஐபிஎல்லில் ஏலம். இங்கே உப்புக்கு நெல் கொடுப்பதுபோலப் பண்டமாற்று. நீங்கள் அனுப்பும் ஆட்களின் சம்பளமும் உங்களுக்கு வரும் ஆட்களின் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கூட ஒரு ஆளைச் சேர்க்கலாம், மூன்றாவது அணி ஒன்றை உள்ளே இழுக்கலாம், வருங்கால டிராஃப்டில் நமக்கு வரவேண்டிய முறையை விட்டுக்கொடுக்கலாம். ஏழு வருஷம் வரைக்கும் முன்கூட்டியே கொடுக்க அனுமதி உண்டு. அதாவது நான் ஒரு ராத்திரியில் சர்வசாதாரணமாகச் சேர்த்துவிடும் '2032 முதல் சுற்று' என்பது, இப்போது எங்கோ ஏழாங்கிளாஸ் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையன்.

இதற்கென்றே ஈஎஸ்பிஎன் தளத்தில் 'டிரேட் மெஷின்' என்று ஒன்று இருக்கிறது. அணிகளைத் தேர்ந்தெடுத்து, ஆட்களை இங்கிருந்து அங்கே நகர்த்தி, பொத்தானை அழுத்தினால் இந்த வியாபாரம் விதிப்படி செல்லுமா செல்லாதா என்று சொல்லிவிடும். நாள் முழுக்கப் புரியாத பிழைச்செய்திகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ராத்திரியில் ஒரு பச்சை விளக்கு எரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பதினோரு வியாபாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கிளீவ்லண்ட்தான். அது மட்டும்தான் ஒருமுறைகூடப் பச்சை காட்டவில்லை.

லெப்ரான் பிறந்த ஏக்ரன், கிளீவ்லண்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார்ப்பயணம். 2003இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அந்த அணிக்குத்தான் வந்தார். 2010இல் தொலைக்காட்சியில் உட்கார்ந்து மயாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தபோது ஊர்க்காரர்கள் அவர் சட்டையைத் தெருவில் போட்டு எரித்தார்கள். 2014இல் திரும்பி வந்தார். 2016 இறுதிச்சுற்றில் 3-1 என்று பின்தங்கியிருந்து, அந்தப் பருவத்தில் 73 ஆட்டம் ஜெயித்திருந்த கோல்டன் ஸ்டேட்டைத் தோற்கடித்து, 52 வருஷமாக எந்த விளையாட்டிலும் பெரிய கோப்பையைப் பார்க்காத ஊருக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 2018இல் லாஸ் ஏஞ்சலிஸ் போனார். இந்த முறை யாரும் எதையும் எரிக்கவில்லை.

2025-26 அவருடைய இருபத்து மூன்றாவது பருவம். இத்தனை பருவம் ஆடியவர் வேறு யாரும் இல்லை. 2025 டிசம்பர் 30 வந்தால் நாற்பத்தொன்று. லேக்கர்ஸில் அவருடைய மகனும் ஆடுகிறான். ஆனால் அணி இப்போது அவருடையது இல்லை. 2025 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் லூக்கா டோன்சிச் அங்கே வந்து சேர்ந்தார். (அந்த டிரேடை ஒரு ரசிகன் எழுதியிருந்தால் வாயால் சிரித்திருக்க மாட்டார்கள். இருபத்தைந்து வயதுக்காரனை, போன வருஷம்தான் அணியை இறுதிச்சுற்றுக்குக் கூட்டிப்போனவனை, யார் அனுப்புவார்கள்? அனுப்பினார்கள். அனுப்பிய மேலாளருக்கு நவம்பரில் வேலை போனது.) லேக்கர்ஸ் இனிமேல் செய்யும் எல்லாத் திட்டமும் டோன்சிச்சை வைத்துத்தான். அப்படியானால் கிழவரை ஊருக்கு அனுப்பிவையுங்களேன் என்பதுதான் என் யோசனை. கடைசிப் பருவம், சொந்த ஊர், பழைய சட்டை. கதை எழுதுகிறவன் யாராக இருந்தாலும் இப்படித்தானே முடிப்பான்?

முடிக்க விடாதது 'இரண்டாவது ஏப்ரன்' என்ற விதி. சமையலறையில் இடுப்பில் கட்டுவதற்குச் சொல்லும் அதே ஏப்ரன்தான், ஏன் அந்தப் பெயர் என்று யோசித்துப் பயனில்லை. 2025-26 பருவத்தில் ஓர் அணியின் மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 20.78 கோடி டாலரைத் தாண்டினால் அது அந்தக் கோட்டுக்கு மேலே. மேலே இருக்கும் அணி டிரேடில் இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. கொடுப்பதைவிட அதிகமாக வாங்கவும் முடியாது. பணக்கார அணிகள் நட்சத்திரங்களைக் குவிப்பதைத் தடுக்க 2023 ஒப்பந்தத்தில் கொண்டுவந்தது. கிளீவ்லண்ட் அந்தப் பருவத்தை அந்தக் கோட்டுக்கு மேலே நின்றுதான் தொடங்கியது. லெப்ரானின் சம்பளம் 5.26 கோடி. கிளீவ்லண்டின் அதிகபட்ச சம்பளக்காரர்கள் டோனவன் மிட்செலும் இவான் மோப்லியும், தலைக்கு 4.64 கோடி. ஒரு ஆளைக் கொடுத்து லெப்ரானை வாங்க அங்கே அவ்வளவு பெரிய ஒரு ஆள் இல்லை. இரண்டு பேரைச் சேர்த்துக் கொடுக்க அனுமதி இல்லை. கணக்கு அவ்வளவுதான். ஊரே காத்திருந்தாலும், அவரே கிளம்ப நினைத்தாலும், சிவப்பு.

நான் விடவில்லை. முதலில் கிளீவ்லண்ட் சில சம்பளங்களை மூன்றாவது, நான்காவது அணிகள் தலையில் கட்டிக் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டும், பிறகு டேரியஸ் கார்லண்டின் 3.94 கோடியோடு இன்னொருவரைச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று ஓர் எக்ஸெல் ஷீட் போட்டேன். நான்கு அணிகள், ஒன்பது ஆட்கள், நான்கு ஏழாங்கிளாஸ் பையன்கள். அந்த ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கார்லண்ட் யார் என்று உறைத்தது. லெப்ரான் போன பிறகு அந்த அணி 19 ஆட்டம் ஜெயித்து 63 தோற்றது. அந்த இடிபாட்டுக்குள் 2019இல் ஐந்தாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன் அவன். அங்கேயே வளர்ந்து இரண்டு முறை ஆல் ஸ்டார் ஆனவன். பெரியவர் வீடு திரும்ப வேண்டுமென்றால், அவர் போன பிறகு அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்தவன் வெளியே போக வேண்டும். என் ஷீட்டில் அவன் 'ஈ' வரிசையில் 3.94.

இன்னொன்றும் இருக்கிறது. லெப்ரானின் ஒப்பந்தத்தில் 'நோ-டிரேட்' பிரிவு உண்டு. அவர் சம்மதமில்லாமல் அவரை எங்கேயும் அனுப்ப முடியாது. எட்டு வருஷம் லீகில் ஆடி, அதில் நான்கு வருஷம் அதே அணியில் ஆடியவர்தான் அதைக் கேட்டுப் பேரம் பேசவே முடியும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பதும் இல்லை. ஆக என் பதினோரு வியாபாரமும் அவர் ஒரு தடவை தலையாட்ட மறுத்தால் காலி. டிரேட் மெஷினில் அதற்கு ஒரு பொத்தான் கிடையாது.

இந்தக் கெட்ட பழக்கம் லெப்ரானோடு தொடங்கியது இல்லை. என்னுடைய ஆள் கெவின் கார்னெட்.

2008இல் நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. எங்கள் கல்லூரி லேபில் யூடியூப் வராது. ஆட்டத்தின் புள்ளிவிவரப் பக்கம் மட்டும் திறக்கும். யார் எத்தனை ரீபவுண்ட், யார் எத்தனை நிமிஷம் என்கிற எண்களை வைத்து நாங்களே மனதுக்குள் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்துக்கொள்வோம். பாஸ்டன் 131, லேக்கர்ஸ் 92 என்று வந்த ஜூன் காலையில் லேபிலிருந்து ஹாஸ்டலுக்கு ஓடியதும், மெஸ்ஸில் உப்புமாத் தட்டோடு இருந்தவனைக் கட்டிப்பிடித்ததும் ஞாபகமிருக்கிறது. பன்னிரண்டு வருஷம் மினசோட்டாவில் முட்டிமோதிவிட்டு, முப்பத்தொரு வயதில் பாஸ்டன் வந்து, முதல் வருஷமே கோப்பையைத் தூக்கிய மனுஷன். மைக் முன்னால் நின்று வானத்தைப் பார்த்து அவர் கத்தியதை ரொம்ப நாள் கழித்துத்தான் பார்த்தேன். கார்னெட் போல ஹை போஸ்ட்டில் நின்று திரும்பி ஷாட் எடுக்க ஆறு மாசம் பழகினேன். என் உயரம் ஐந்தடி எட்டங்குலம்.

அதே நான்தான் 2013 தொடக்கத்தில் அறை நண்பனிடம் சொன்னேன்: "கார்னெட்ட இப்பவே கொடுத்துரணும்டா. இன்னும் ஒரு வருஷம் போனா எவனும் வாங்க மாட்டான்." அவனும் பாஸ்டன் பைத்தியம். "உங்கப்பாவையும் இப்பவே கொடுத்துரு, அப்புறம் எவனும் வாங்க மாட்டான்" என்றான். இரண்டு நாள் பேசவில்லை.

ஜூன் கடைசியில் அதேதான் நடந்தது. முப்பத்தேழு வயது கார்னெட்டையும், பதினைந்து பருவம் பாஸ்டன் சட்டை மட்டுமே போட்டிருந்த முப்பத்தைந்து வயது பால் பியர்ஸையும் புரூக்லினுக்கு அனுப்பினார்கள். பதிலுக்குக் கிடைத்தவர்கள் யாரும் நினைவில் நிற்கும் ஆட்கள் இல்லை. கிடைத்த விஷயம் 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகளும், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும். புரூக்லின் உரிமையாளர் ரஷ்யப் பணக்காரர், உடனே கோப்பை வேண்டும் என்றார். பாஸ்டன் மேலாளர் டேனி ஏஞ்சுக்கு இந்தக் கணக்கு பழையது. எண்பதுகளில் அவரே பாஸ்டனில் ஆடிக்கொண்டிருந்தபோது, வயதாகிக்கொண்டிருந்த லேரி பேர்டையும் கெவின் மெக்ஹேலையும் கொடுத்துவிடுவதுதான் நல்லது என்று ரெட் அவர்பாக்கிடம் சொன்னதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்பாக் கேட்கவில்லை. 1989இல் சாக்ரமெண்டோவுக்கு டிரேட் ஆனது ஏஞ்சுதான்.

கார்னெட்டிடமும் நோ-டிரேட் பிரிவு இருந்தது. விட்டுக்கொடுத்தார். பியர்ஸ் பேசித்தான் சம்மதிக்க வைத்தார் என்று அப்போது எழுதினார்கள்.

கணக்காகப் பார்த்தால் இதைவிட நல்ல டிரேட் வரலாற்றில் தேட வேண்டும். புரூக்லின் இரண்டே வருஷத்தில் ஓய்ந்து லீகின் அடிமட்டத்துக்குப் போனது, அவர்களுடைய தோல்வியெல்லாம் பாஸ்டனுக்கு லாபமாக வந்தது. 2016 தேர்வு மூன்றாம் இடமாக விழுந்தது: ஜேலன் பிரௌன். 2017 உரிமை முதலிடமாக விழுந்தது. அதைக் கொடுத்து மூன்றாம் இடமும் மேலும் ஒரு தேர்வும் வாங்கி ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். அந்த இரண்டு பேரும் 2024இல் கோப்பை ஜெயித்தார்கள், பிரௌன் இறுதிச்சுற்றின் சிறந்த வீரர். அன்று காலை நான் அந்தப் பழைய அறை நண்பனுக்கு, "2013ல நான் என்ன சொன்னேன்?" என்று ஒரு மெசேஜ் அனுப்பினேன். பதினொரு வருஷம் கழித்து. அவன் நீல டிக்கோடு நிறுத்திக்கொண்டான்.

ஆனால் அவனிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. 2013-14 பருவத்தில் புரூக்லின் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. கருப்பு வெள்ளைச் சட்டையில் கார்னெட் ஆட்டத்துக்கு 6.5 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். டொராண்டோவோடு ஏழாவது ஆட்டத்தில் கடைசி நொடியில் பியர்ஸ் ஒரு ஷாட்டைத் தட்டிவிட்டு ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள், அடுத்த சுற்றில் மயாமியிடம் ஐந்து ஆட்டத்தில் முடிந்தது. அதுதான் மொத்தமும். 2015 பிப்ரவரியில் கார்னெட்டை மினசோட்டாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். நான் இப்போது லெப்ரானுக்கு எழுதும் அதே கதை: பழைய ஊர், பழைய சட்டை. முதல் ஆட்டத்தில் அரங்கமே எழுந்து நின்றது. அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டம் ஆடினார், அடுத்ததில் முப்பத்தெட்டு. பிறகு ஓய்வு. தப்பாக எதுவும் நடக்கவில்லை. முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை.

இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்துகொண்டு பேசும்போது சிரித்தவர்களுக்கு 2025 நவம்பரில் புரிந்திருக்கும். ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். வயதைப் பார்த்தால், கீப்பிங் தேவையைப் பார்த்தால், கணக்கு சரி. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்த ஆளைக் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான் ஆபீஸ் கேண்டீனில் யாருக்கும் தெரியவில்லை. ஜடேஜா என்னைவிடச் சில மாதம் இளையவர்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு நான் இன்னும் ஆடுகிறேன். சிமெண்ட் தரை, வலை அறுந்த ரிங், ஒரு பக்கம் போர்டு விரிசல். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் டீம் பிரிக்கும்போது நான் இரண்டாவது மூன்றாவதாக அழைக்கப்படுவேன். டாக்டர் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "சாஃப்ட்வேர்ல இருக்கீங்க, உக்காந்துதானே வேலை? அப்புறம் என்ன கவலை?" என்று கேட்டபிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. வரிசையில் என் இடம் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. நான் குனிந்து முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கேப்டன்களும் பத்தடி தள்ளிப் பேசுகிறார்கள்.

"அண்ணாவ நீங்க எடுத்துக்கங்க."

"போன வாரமும் எங்ககிட்டதான் இருந்தாரு."

"சரி, கூட இந்தக் கண்ணாடிக்காரனையும் தரேன். நல்லா ஓடுவான்."

கொஞ்ச நேரம் மௌனம். "ஓகே, டீல்."

சிரித்துவிட்டேன், நிஜமாகவே. ஏனென்றால் இதற்கு என்பிஏவில் பெயர் இருக்கிறது. பாரமாகிவிட்ட ஓர் ஒப்பந்தத்தை இன்னொருவர் தலையில் கட்ட, கூடவே ஒரு நல்ல டிராஃப்ட் தேர்வை இனிப்பாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். நூற்றுக்கணக்கான தடவை நான் டிரேட் மெஷினில் செய்தது. அந்தப் பையன்கள் எக்ஸெல் இல்லாமல் பத்து நொடியில் செய்துவிட்டார்கள். கண்ணாடிக்காரன்தான் இனிப்பு. நான் ஒப்பந்தம். வீட்டுக்கு வந்து முட்டியில் ஐஸ் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது சிரிப்பு அவ்வளவாக வரவில்லை. அந்த வாரம்தான் கிளீவ்லண்டுக்கு நான்காவது முறை முயன்றேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டு விஷயம் நடந்தது. கிறிஸ் பாலுக்கு நாற்பது வயது, லெப்ரானின் நெடுநாள் தோழர். 2011 முதல் 2017 வரை கிளிப்பர்ஸில் ஆடியவர், கடைசிப் பருவத்தை ஆட அங்கேயே திரும்பியிருந்தார். அதாவது என் கதையை நிஜத்தில் செய்துகாட்டியவர். டிசம்பர் 3 அன்று, வெளியூர் ஆட்டங்களுக்காகப் போயிருந்த இடத்தில், அட்லாண்டாவில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், தன்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அவரே உலகத்துக்கு ஒருவரியில் தெரிவித்தார். யார் மேல் எவ்வளவு தப்பு என்பது வேறு பஞ்சாயத்து. பழைய சட்டை, பழைய ஊர், நடுப்பயணத்தில் பெட்டியைக் கட்டு. ஆபீஸ் பஸ்ஸில் அதைப் படித்தேன். ஷீட்டைத் திறந்து பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, நம் நேரம் ஆறு மணிக்கு, டொராண்டோவில் லேக்கர்ஸ் ஆட்டம். லெப்ரான் மோசமாக ஆடினார். பதினேழு ஷாட்டில் நான்குதான் விழுந்தது. எட்டு புள்ளி. இதில் ஒரு சமாசாரம் உண்டு: 2007 ஜனவரியிலிருந்து, 1,297 லீக் ஆட்டம் தொடர்ச்சியாக, அவர் பத்துப் புள்ளிக்குக் குறைந்ததே கிடையாது. நான் கல்லூரி முதல் வருஷம் படித்தபோது தொடங்கிய கணக்கு அது. ஆட்டம் 120-120. சில நொடிகள். பந்து ஆஸ்டின் ரீவ்ஸிடமிருந்து லெப்ரானிடம் வருகிறது. இரண்டு புள்ளி எடுத்தால் ஆட்டமும் அவருடையது, கணக்கும் பிழைக்கும். இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி நான், "போடு, போடு" என்கிறேன். அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. மூலையில் ருய் ஹாச்சிமுரா தனியாக நின்றுகொண்டிருந்தார். பந்து அங்கே போய்விட்டது. மூன்று புள்ளி. 123-120. எட்டுப் புள்ளிக்காரர் கையை உயர்த்திக்கொண்டு போகிறார்.

"என்னாச்சு, வித்துட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இல்லை என்றேன். டிரேட் காலக்கெடு பிப்ரவரியில்தான். அதற்குள் அந்த ஷீட்டில் இன்னும் ஒரு வழி இருக்கிறது, ஐந்து அணிகள் தேவைப்படும்.

அந்த ஞாயிறு ஆறரைக்குப் போனேன். பதினொன்றுக்கு ஆட்டம், 10-10. என்னைக் காவல் காக்க வேண்டியவன் என்னை விட்டுவிட்டு ரிங்குக்கு அடியில் போய் நின்றுகொண்டான். அண்ணா அங்கிருந்து என்ன செய்துவிடப் போகிறார் என்று. கண்ணாடிக்காரன் பார்த்தான், பந்தை எனக்குப் போட்டான். நானும் தயங்காமல் எடுத்தேன், முப்பத்தேழு வயதில் எடுக்க முடிந்த அளவு உயரத்திலிருந்து. ரிங்கின் பின்விளிம்பில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்தது. கண்ணாடிக்காரன் எல்லோருக்கும் மேலே எம்பி அதைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டான்.

"சூப்பர் பாஸ்ணா" என்றான்.

அடுத்த ஆட்டத்துக்குக் கேப்டன்கள் தள்ளிப்போய்ப் பேச ஆரம்பித்தார்கள். நான் தண்ணி பாட்டிலைத் திறந்துகொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர்கள் பேசுவது காதில் விழாது.